டச்சப் தெரிந்த பெண், தன் முகத்துக்கு மட்டும் ஏன் செய்யவில்லை? - ஃப்ரிடா காலோவின் கண்ணாடிக் கதை!

குரூப் போட்டோ எடுத்த அடுத்த நிமிஷம் எல்லாரும் செய்றது ஒரே வேலைதான். போனைப் பிடுங்கி, ரெண்டு விரலால ஜூம் பண்ணி, மத்த பத்துப் பேரையும் விட்டுட்டு நம்ம முகத்தை மட்டும் பார்ப்போம். பல் தெரியுதா, கன்னம் உப்பியிருக்கா, கறுப்பா விழுந்திருக்கோமா... பிடிக்கலைன்னா, இதை ஸ்டேட்டஸ்ல போட்டுடாதேன்னு ஒரு கெஞ்சல் வேற.

நம்ம மனசுக்குள்ள நம்மைப் பத்தி ஏற்கெனவே ஒரு படம் மாட்டியிருக்கு. கேமராவுல வர்றது அதோட ஒத்துப்போகலைன்னா நமக்குப் பதறுது. அந்த உள்படத்துக்குத்தான் செல்ஃப் இமேஜ்னு பேர். அதை வரைஞ்சது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்கூல்ல யாரோ வச்ச பட்டப்பெயர், கல்யாண வீட்டில் ஓர் அத்தை அடிச்ச கமென்ட், நம்மை விட்டுட்டுப் போனவங்க போன விதம்... இப்படிப் பல கைகள். நம்ம கை அதுல ரொம்பக் குறைவுதான்.

அந்தப் படத்தை நானே வரைஞ்சுக்கிறேன்னு பிரஷைக் கையில் எடுத்த ஒரு பெண்ணின் கதை இது. டிஷர்ட்டிலும் ஜோல்னாப் பையிலும் போன் கவரிலும் நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். தலையில் பூக்கள், நடுவில் ஒன்றாகச் சேர்ந்த புருவம், உதட்டுக்கு மேல் மெல்லிய மீசை முடி, சிரிக்காத வாய். மெக்ஸிகோவின் ஓவியர் ஃப்ரிடா காலோ. பையில் இருக்கும் அந்த முகத்தைத் துணிச்சலின் சின்னம்னு சொல்லி நாம் சுலபமாகக் கடந்துவிடுகிறோம். உண்மைக் கதை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. அதனால்தான் அது நமக்கு உபயோகப்படும்னு எனக்குத் தோணுது.

ஒல்லிக் கால்

1907 ஜூலை 6 அன்று, மெக்ஸிகோ நகரத்தை ஒட்டிய கொயோகான் பகுதியில் பிறந்தார் ஃப்ரிடா. அப்பா கியேர்மோ காலோ ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய போட்டோகிராபர். அம்மா மத்தில்தே, வஹாகா மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். பக்தி, கண்டிப்பு இரண்டும் அதிகம். அப்பா கட்டிய வீடு பின்னாளில் நீல வண்ணம் பூசப்பட்டு, இன்று நீல வீடு என்ற பெயரிலேயே உலகப் புகழ் பெற்ற மியூசியமாக இருக்கிறது.

ஆறு வயதில் போலியோ தாக்கியது. ஒன்பது மாதங்கள் படுக்கை. எழுந்து நடந்தபோது வலது கால் இடது காலைவிட மெலிந்து, சற்றுக் குட்டையாகவும் இருந்தது. பள்ளிக்குப் போனதும் அந்தக் காலை வைத்தே கேலி தொடங்கியது. குழந்தைகள் எல்லா ஊரிலும் குழந்தைகள்தான். ஒரு குறையைக் கண்டுபிடித்தால் போதும், அதுவே பெயராகிவிடும்.

ஃப்ரிடா செய்தது ரெண்டு வேலை. ஒன்று, அந்தக் காலில் மட்டும் மூன்று நான்கு காலுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, குதிகால் உயர்த்திய ஷூ போட்டார். ரெண்டாவது, அப்பாவின் ஊக்கத்தில் ஃபுட்பால், நீச்சல், சைக்கிள், ஸ்கேட்டிங், மல்யுத்தம்னு எல்லாத்திலும் இறங்கினார். அந்தக் காலத்தில் மெக்ஸிகோவில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு இதெல்லாம் சாதாரணம் இல்லை. காலை மறைத்துக்கொண்டே, அதே காலால் ஓடினார். இந்த ரெண்டும் ஒரே பெண்ணுக்குள் ஒரே சமயத்தில் இருந்தது என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்குங்க. கடைசி வரைக்கும் இது மாறவே இல்லை.

அப்பாவின் ஸ்டூடியோ

அப்பா கியேர்மோவுக்கு வலிப்பு நோய் இருந்தது. படம் எடுக்கப் போகும் இடத்தில் திடீரென விழுந்துவிடுவார். அதனால் ஃப்ரிடா கூடவே போவார். அப்பா விழுந்தால் அவருக்கு உதவி செய்யணும், அதே நேரம் கேமராவை யாரும் தூக்கிப் போகாமலும் பார்த்துக்கணும். ஒரு சின்னப் பெண்ணுக்கு இது பெரிய வேலை. உடம்பு என்பது எந்த நேரமும் நம்மைக் கைவிடலாம், அப்புறம் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடரலாம் என்ற பாடத்தை அவர் வீட்டிலேயே பார்த்துக் கற்றார்.

ஸ்டூடியோவில் இன்னொன்றும் கற்றார். டச்சப். இப்போ ஒரு ஃபில்டரைத் தட்டினால் வந்துவிடுகிற விஷயத்தை அப்போது கையால் செய்யணும். மெல்லிய பிரஷை வைத்துக்கொண்டு, ஒரு போட்டோவில் எங்கே தொட்டால் முகம் தெளியும், எங்கே வண்ணம் தீட்டினால் உயிர் வரும் என்று பொறுமையாக, புள்ளி புள்ளியாகச் செய்கிற வேலை. ஒரு முகத்தை எப்படி அழகாக்கி விற்பது என்கிற தொழில்நுட்பம் ஃப்ரிடாவுக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. அதாவது, பின்னாளில் அவர் தன் மீசையை அப்படியே வரைந்தது மறைக்கத் தெரியாததால் அல்ல.

அப்பாவுக்குத் தன்னையே போட்டோ எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. இந்தக் காலத்து மொழியில் சொன்னால், செல்ஃபி எடுக்கிற அப்பா!

1922-ல் நாட்டின் மிகச் சிறந்த பள்ளியான தேசிய ஆயத்தப் பள்ளியில் ஃப்ரிடா சேர்ந்தார். சுமார் 2,000 மாணவர்களில் பெண்கள் வெறும் 35 பேர். டாக்டர் ஆவதுதான் லட்சியம். குறும்புக்காரக் கும்பல் ஒன்றோடு சேர்ந்துகொண்டு ஆசிரியர்களை ஒரு வழி பண்ணினார். அந்தக் கும்பலின் தலைவர் அலெஹாந்த்ரோ கோமெஸ் அரியாஸ்தான் அவருடைய முதல் காதலர்.

கட்டிலின் கூரையில் ஒரு கண்ணாடி

1925 செப்டம்பர் 17. ஃப்ரிடாவும் அலெஹாந்த்ரோவும் ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். குடையைக் காணோம் என்று இறங்கித் தேடிவிட்டு, அடுத்து வந்த பஸ்ஸைப் பிடித்தார்கள். அந்த பஸ்மீது ஒரு டிராம் மோதியது.

ஒரு இரும்புக் கைப்பிடிக் கம்பி ஃப்ரிடாவின் இடுப்புப் பகுதிக்குள் பாய்ந்தது. முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. காறை எலும்பு, விலா எலும்புகள், இடுப்பெலும்பு எல்லாம் உடைந்தன. போலியோ தின்ற அதே வலது காலில் மட்டும் 11 முறிவுகள்; பாதம் நசுங்கியது. பிழைப்பார் என்று டாக்டர்களுக்கே நம்பிக்கை இல்லை. அப்போது அவருக்கு வயது 18.

பிழைத்தார். ஒரு மாதம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டுக் கட்டில். அடுத்த சில வருடங்களில் முதுகெலும்பில் புதிது புதிதாகப் பிரச்னைகள் தெரியவர, பிளாஸ்டர் கவசத்துக்குள் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. டாக்டர் கனவு அதோடு முடிந்தது.

அப்பாவிடம் ஓர் எண்ணெய் வண்ணப் பெட்டி சும்மா கிடந்தது. அதை வாங்கிக்கொண்டார் மகள். படுத்தபடியே வரைவதற்கு வசதியாக ஒரு தனி ஓவியத் தாங்கியை அம்மா செய்யவைத்தார். அது மட்டுமல்ல, நாலு கால் கட்டிலின் மேற்கூரையில், நேர் மேலே, ஒரு கண்ணாடியையும் பொருத்தினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். அசைய முடியாத, உடம்பெல்லாம் கட்டுப் போட்ட 18 வயசுப் பெண். கண் திறந்தால் தெரிவது தன் முகம் மட்டுமே. விபத்துக்குப் பிறகு கண்ணாடிகளையெல்லாம் வீட்டில் ஒளித்து வைப்பார்கள் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கண்டிப்பான, பக்திமான் அம்மா நேரெதிராக ஒன்றைச் செய்தார். அந்தக் கண்ணாடி அந்தப் பெண்ணை முதலில் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால், ஒரே முகத்தை நாள்கணக்கில், மாதக்கணக்கில் பார்த்தால் ஒரு கட்டத்தில் அது அழகா, அசிங்கமா என்ற கேள்வி ஓய்ந்துவிடும்போல. புருவம் எங்கே தொடங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம். மதிப்பெண் போடுவதற்குப் பார்ப்பது வேறு, வரைவதற்குப் பார்ப்பது வேறு.

ஆனால், இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1926-ல் வரைந்த முதல் முக்கியமான தன்னுருவ ஓவியத்தைத் தேடிப் பாருங்க. கருஞ்சிவப்பு வெல்வெட் உடை, பின்னால் இருண்ட அலைகள், அன்னம்போல நீண்ட கழுத்து, வெண்மையான மெல்லிய விரல்கள். நிஜக் கழுத்து அவ்வளவு நீளம் இல்லை. பழைய இத்தாலிய ஓவியங்களில் வருகிற சீமாட்டிபோலத் தன்னை நீட்டி, மெலித்து வரைந்திருந்தார். ஏன்? அலெஹாந்த்ரோ அப்போது விலகிப் போய்க்கொண்டிருந்தார். அவரைத் திரும்ப இழுக்கத்தான் அந்தப் படம். அவருக்கே பரிசாக அனுப்பினார். கொஞ்ச நாள் பலனும் கிடைத்தது. 1927-ல் அலெஹாந்த்ரோவை அவர் குடும்பம் ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தது. காதல் அதோடு கரைந்தது.

உலகமே கொண்டாடுகிற தன்னுருவ ஓவியர், தன் முதல் படத்தில் ஃபில்டர் போட்டார், அதுவும் ஒரு பையனுக்காக. இது தெரிந்தபோது எனக்கு ஃப்ரிடாவை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.

அதே 1926-ல் அப்பா எடுத்த ஒரு குடும்பப் போட்டோவும் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் கவுனில் நிற்க, ஃப்ரிடா மட்டும் ஆம்பளை கோட் சூட்டில், தலைமுடியை வழித்து வாரிக்கொண்டு, கையில் தடியோடு நிற்கிறார். வெல்வெட் சீமாட்டியும் அவர்தான், கோட் சூட் இளைஞனும் அவர்தான். தான் யார் என்று தேடிக்கொண்டிருந்த 18 வயது அது.

பாவாடைக்குள் ஒரு ரகசியம்

1928-ல், மெக்ஸிகோவின் மிகப் பெரிய சுவரோவியரான டியேகோ ரிவேரா சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்குத் தன் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு போனார் ஃப்ரிடா. முகத்துக்காகப் பாராட்ட வேண்டாம், படம் தேறுமா தேறாதா என்று மட்டும் தெரியணும் என்பதுதான் அவர் நிபந்தனை. தேறும் என்றார் டியேகோ. 1929 ஆகஸ்ட் 21 அன்று திருமணம். ஃப்ரிடாவுக்கு 22, டியேகோவுக்கு 42. ஆறடிக்கு மேல் உயரமும் மலைபோல் உடம்புமாக அவர். சின்ன உருவமாக இவர். யானைக்கும் புறாவுக்கும் கல்யாணம் என்று வீட்டிலேயே கிண்டல் செய்தார்களாம்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் இன்று நமக்குத் தெரிகிற ஃப்ரிடா உருவானார். மெக்ஸிகோவின் தெற்கே தெவாந்தெபெக் பகுதிப் பெண்கள் அணியும் உடை: மேலே எம்பிராய்டரி போட்ட தொளதொள ரவிக்கை, கீழே தரை தொடும் பாவாடை, பின்னல் நிறையப் பூ, கழுத்தில் கனமான மணிகள். அந்தப் பகுதிப் பெண்கள் சந்தையை நடத்துபவர்கள், கெத்தானவர்கள் என்று பெயர். புரட்சிக்குப் பிந்தைய மெக்ஸிகோவில் சொந்த மண்ணின் உடையை அணிவது ஓர் அரசியல் அறிவிப்பாகவும் இருந்தது. அம்மாவின் பூர்வீகமும் அந்த மாநிலம்தானே.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தொளதொள ரவிக்கைக்குள் பிளாஸ்டர் கவசத்தை மறைக்கலாம். அந்த நீளப் பாவாடைக்குள் மெலிந்த காலை மறைக்கலாம். பார்க்கிறவர்கள் கண் பூவிலும் மணியிலும் நின்றுவிடும்; கீழே இறங்காது.

அப்படின்னா ஃப்ரிடா ஏமாற்றினாரா? எனக்கு அப்படித் தோணலை. தெருவில் போகிற யாரோ ஒருவருக்குத் தன் காலைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால், தான் வரையும் படத்தில் காட்டணும்னு நினைத்தபோது காட்டினார். 1938-ல் வரைந்த ஓர் ஓவியத்தில், குளியல் தொட்டியில் படுத்திருக்கிறவர் பார்க்கிற கோணத்திலேயே, தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்க்கும் தன் பாதங்களை வரைந்தார். வலது பாதத்தின் விரல் சிதைந்து, வெடித்து ரத்தம் கசிகிறது. தன்னை முழுசா ஏத்துக்கிட்டா எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து காட்டிடணும்னு இப்போ ஒரு பேச்சு ஓடுது. அந்தக் கணக்கில் ஃப்ரிடா ஃபெயில். எதை, யாருக்கு, எப்போது காட்டுவது என்ற சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வயது விஷயத்திலும் ஒரு சின்னத் தில்லுமுல்லு. தான் பிறந்தது 1910 என்றே சொல்லிவந்தார். மூன்று வயது குறைந்தது. மெக்ஸிகோ புரட்சி தொடங்கிய ஆண்டோடு தன் பிறப்பும் சேர்ந்துகொண்டது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்!

டியேகோவின் கண்கள்

1930-களின் தொடக்கத்தில் டியேகோவோடு அமெரிக்கா போனார். டெட்ராய்ட் நகரில் 1932 ஜூலையில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தத்தோடு படுத்திருக்கும் தன்னையே அதே ஆண்டு வரைந்தார். அந்த விஷயத்தை அதுவரை யாரும் அப்படி வரையத் துணிந்ததில்லை. ஆனால், அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று அவரைப் பற்றி எழுதியபோது, பெரிய ஓவியரின் மனைவி, பொழுதுபோக்காக ஏதோ வரைகிறார் என்ற தொனியில்தான் எழுதியது. பெரிய மனிதர் ஒருவரின் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு உலகம் தயாராக வைத்திருக்கும் செல்ஃப் இமேஜ் அது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவது ரொம்ப சுலபம்.

ஃப்ரிடா வாங்கிக்கொள்ளவில்லை. 1938-ல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. வைத்த படங்களில் பாதி விற்றது. அதே ஆண்டு ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி.ராபின்சன் நான்கு படங்களைத் தலா 200 டாலருக்கு வாங்கினார். கணவரிடம் கை நீட்டாமல் வாழ முடியும் என்று ஃப்ரிடாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 1939-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் அவருடைய தன்னுருவம் ஒன்றை பிரான்ஸ் அரசு வாங்கியது.

வேலையில் ஏறுமுகம். வீட்டில்? டியேகோவுக்குக் கணக்கில்லாத தொடர்புகள். அதில் ஒன்று ஃப்ரிடாவின் சொந்தத் தங்கை கிறிஸ்டினாவோடு. ஃப்ரிடாவுக்கும் வேறு உறவுகள் இருந்தன. 1939-ல் விவாகரத்து. அந்த நாள்களில் வரைந்ததுதான் 'இரண்டு ஃப்ரிடாக்கள்'. ஒருத்தி வெள்ளை ஐரோப்பிய கவுனில், இன்னொருத்தி மெக்ஸிகோ உடையில். ரெண்டு பேர் இதயமும் வெளியே தெரிகிறது. ஒரே ரத்தக்குழாய் ரெண்டையும் இணைக்கிறது. வெள்ளை கவுன்காரியின் மடியில் ரத்தம் சொட்டுகிறது. கத்தரிபோன்ற ஒன்றால் குழாயைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறாள். ரெண்டு பேரும் கையைக் கோத்திருக்கிறார்கள். பிரிவில் உடைந்து கிடக்கும்போது தன் கையைத் தானே பிடித்துக்கொண்ட மாதிரி.

1940-ல் இன்னொரு படம். டியேகோவுக்குப் பிடித்தது இரண்டு: ஃப்ரிடாவின் நீளக் கூந்தல், அந்தத் தெற்கத்தி உடை. இரண்டையும் தூக்கி எறிந்தார். தொளதொள ஆண் சூட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்; கையில் கத்தரிக்கோல்; தரையெங்கும் வெட்டிப்போட்ட முடி, பாம்புக்குட்டிகள்போல. பிரேக்-அப் ஆனதும் முடி வெட்டிக்கிறது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லைங்க!

இங்கே கதையை முடித்தால் நல்லா இருக்கும். ஆனால், அதே 1940 டிசம்பரில் அவர் டியேகோவையே மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். ஒன்பது வருடம் கழித்து வரைந்த 'டியேகோவும் நானும்' படத்தில், ஃப்ரிடாவின் நெற்றியில் டியேகோவின் முகம் பதிந்திருக்கிறது. கண்ணில் நீர். கூந்தல் அவிழ்ந்து கழுத்தையே சுற்றுகிறது. தன் தலைக்குள் இன்னொருவர் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இதைவிடச் சரியாக ஒருவர் சொல்லிவிட முடியாது. 2021-ல் ஏலத்துக்கு வந்த அந்தப் படம் 3.49 கோடி டாலருக்குப் போனது.

மீசையையும் புருவத்தையும் அச்சமில்லாமல் வரைந்த அதே பெண்ணால், ஒரு மனிதரின் பார்வையிலிருந்து மட்டும் கடைசி வரை முழுசாக வெளியே வர முடியவில்லை. குடி இருந்தது, பின்னாளில் வலி மருந்துகளின் பிடி இருந்தது. உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்த நாள்களும் இருந்தன. ஃப்ரிடாவை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப்போவது ஏனோ எனக்குப் பிடிப்பதில்லை. தன்னைப் பற்றிய பார்வையை ஒரு தடவை சரிசெய்துவிட்டால் அது அப்படியே நின்றுவிடும் என்றால், அவர் ஏன் சுமார் 55 தடவை தன்னையே வரைந்திருக்கப் போகிறார்? மொத்தமே 150-க்குள் அடங்கும் ஓவியங்களில் அத்தனை தன்னுருவங்கள்.

1943-ல் ஓவியப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். உடல்நிலை காரணமாகப் பயணம் செய்ய முடியாமல் போனதும், மாணவர்களை வீட்டுக்கே வரச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். கடைசிவரை வந்து கற்ற நால்வருக்கு ஆசிரியரின் பெயரையே வைத்து, ஃப்ரிடோக்கள் என்று செல்லப்பெயர். 1944-ல் இரும்புக் கவசம் மாட்டிய நிலையில் தன்னை வரைந்தார்: உடல் நடுவில் பிளந்து, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நொறுங்கிய கல்தூண். உடம்பெங்கும் ஆணிகள். கன்னத்தில் கண்ணீர். ஆனால், முகம் கோணவில்லை. பார்வை நேராக நம்மேல் இருக்கிறது. நம்மிடம் பரிதாபம் கேட்கிற மாதிரி இல்லை. தன்னைப் பார்க்கிற நம்மை, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிவப்பு பூட்ஸ்

1950-ல் கிட்டத்தட்ட வருடம் முழுக்க ஆஸ்பத்திரி. முதுகெலும்பில் வரிசையாக அறுவை சிகிச்சைகள். 1953 ஏப்ரலில், சொந்த நாட்டில் அவருக்கு முதல் தனிக் கண்காட்சி ஏற்பாடானது. எழுந்திருக்கவே கூடாது என்றார்கள் டாக்டர்கள். கட்டிலை முன்கூட்டியே கேலரிக்கு அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸில் போய் இறங்கினார். முழு அலங்காரத்தோடு அந்தக் கட்டிலில் படுத்தபடியே விருந்தினர்களை வரவேற்றார்.

அதே ஆகஸ்டில், அழுகத் தொடங்கியிருந்த வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறு வயதிலிருந்து காலுறைக்குள்ளும் பாவாடைக்குள்ளும் ஒளித்துவைத்த அதே கால். அவர் நொறுங்கிப்போனார். செயற்கைக் காலை முதலில் தொடக்கூட மறுத்தார்.

பிறகு, அந்தச் செயற்கைக் காலுக்கு ஒரு பூட்ஸ் வந்தது. பளீர் சிவப்புத் தோல். மேலே சீனப் பட்டில் டிராகன் எம்பிராய்டரி. ஓரத்தில் சின்னச் சின்ன மணிகள். நடந்தால் ஒலிக்கும். வாழ்நாள் முழுக்க யாரும் கவனிக்கக் கூடாது என்று நினைத்த காலுக்குக் கடைசியில் அவரே கொலுசு கட்டிவிட்டார்.

1954 ஜூலை தொடக்கத்தில், குவாத்தமாலாவில் அமெரிக்கத் தலையீட்டை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் சக்கர நாற்காலியில் கலந்துகொண்டார். ஜூலை 13 அன்று, நீல வீட்டிலேயே இறந்தார். வயது 47.

பூட்டிய குளியலறை

டியேகோ 1957-ல் இறப்பதற்கு முன், ஃப்ரிடாவின் பொருள்களை நீல வீட்டின் குளியலறை ஒன்றில் வைத்துப் பூட்டச் சொன்னார். 15 வருடங்கள் திறக்கக் கூடாது என்பது அவர் கேட்டுக்கொண்டது. வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த டியேகோவின் தோழி, தான் இருக்கும்வரை திறக்கவே விடவில்லை. 2004-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

அதற்குள் ஃப்ரிடா உலகம் முழுக்க ஒரு பிராண்ட் ஆகிவிட்டிருந்தார். 2018-ல் அவர் பெயரில் ஒரு பார்பி பொம்மை வந்தது. பூ இருந்தது, மணி இருந்தது, அந்தப் புருவத்தைத்தான் ரெண்டாகப் பிரித்து ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அவர் குடும்பத்தினர் கோர்ட்டுக்குப் போய், மெக்ஸிகோவில் அந்த பொம்மையின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை வாங்கினார்கள். தன் முகத்துக்கு அவர் செய்யாத டச்சப்பை, அவர் இறந்து 64 வருடம் கழித்து ஒரு கம்பெனி செய்து கொடுத்தது!

குளியலறையிலிருந்து எடுத்த பொருள்கள் அதே 2018-ல் லண்டனின் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்ணாடிப் பேழைகளுக்குள் பாவாடைகள், அவரே கைப்பட ஓவியம் தீட்டிய பிளாஸ்டர் கவசங்கள், சிவப்பு பூட்ஸ் போட்ட செயற்கைக் கால். கூடவே லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ், பாண்ட்ஸ் க்ரீம். மேக்கப்பே இல்லாத இயற்கை அழகி என்று அவரைப் பற்றி நினைத்திருந்த எனக்கு இந்தப் பட்டியல் ஒரு சின்ன அதிர்ச்சி.

அந்த வரிசையில் ஒரு ரெவ்லான் புருவப் பென்சிலும் இருந்தது. நல்ல கறுப்பு ஷேட். ரெண்டு புருவமும் சேர்கிற இடத்தை இன்னும் அடர்த்தியாகக் காட்டுவதற்கு அதைத்தான் அவர் பயன்படுத்தியிருக்கிறார்.